எந்த மரத்துக் கீரை?

செங்கல்பட்டு மின்சார ரயில் தாம்பரத்தைத் தாண்டியதும் பெட்டியில் கொஞ்சம் காற்று வரும். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகு வருவது மறைமலைநகர். ஸ்டேஷன் பலகையில் 'மறைமலைநகர் காமராஜர்' என்று இரண்டு பெரியவர்களின் பெயரும் சேர்ந்தே இருக்கும். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். 'இது தொழிற்சாலை ஊராச்சே, நமக்கு இங்கே பார்க்க என்ன இருக்கப் போகிறது?' என்றுதான் முதலில் தோன்றும்.

சென்னை நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று 1980-ஐ ஒட்டி, மனை மனையாக அளந்து திட்டமிட்டு உண்டாக்கிய துணை நகரம் இது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தூய தமிழில் மாற்றிக்கொண்டாரே, அந்த மறைமலை அடிகளின் (1876-1950) பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அடிகள் வாழ்ந்த பல்லாவரமும் இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபோர்டு கார் தொழிற்சாலையால் உலகத்துக்கே இந்த ஊர் தெரிந்திருந்தது. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் சுற்று வட்டாரத்தில் மற்ற தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை.

பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பிப் பாருங்கள், வேறு ஓர் ஊர் தெரியும். என்.எச்.-1, என்.எச்.-2 என்று எண் போட்ட குடியிருப்புகள், நேர் நேரான தெருக்கள். பழைய தனி வீடுகளில் பாதிக்கு மேல் கொல்லைப்புறத்திலோ காம்பவுண்டு ஓரத்திலோ ஒரு முருங்கை மரம் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. என் நாத்தனார் வீட்டிலோ இரண்டு!

இரண்டு மரம், மூன்று கட்சி

"நாங்க மனை வாங்கி வந்தப்போ நிழலுக்குக்கூட இங்க ஒரு மரம் கிடையாது அண்ணி. சரளை மண்ணு. கடப்பாரை போட்டாத்தான் குழியே விழும். எங்க மாமியார் திருக்கழுக்குன்றத்துல இருந்து பஸ்ல ஒரு முருங்கைப் போத்தை மடியில வச்சுக்கிட்டே வந்தாங்க. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே இந்த மரம் துளிர் விட்டாச்சு" என்று நாத்தனார் பெருமையாகச் சொல்லுவாள்.

அது பழைய மர முருங்கை. இன்னொன்று நாலு வருஷம் முன்பு நர்சரியில் வாங்கி வைத்த செடி முருங்கை, பி.கே.எம்.-1 ரகம். இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர்.

நான் போயிருந்த சமயம் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நாத்தனாரின் மகள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கீரை நிறையச் சேர்க்கச் சொல்லியிருந்தார். 'கீரை' என்றால் நம் வீடுகளில் முதலில் கை நீளுவது முருங்கைக்குத்தானே!

ஆனால் எந்த மரத்துக் கீரை? பக்கத்து வீட்டு அம்மாள், "ஹைபிரிட் மரத்துக் கீரையில என்னங்க சத்து இருக்கும்? நாட்டு முருங்கையைப் பறிச்சுப் போடுங்க" என்றார். எதிர் வீட்டுப் பெண் காலேஜில் படிப்பவள். "அந்த பி.கே.எம். முருங்கையைத்தான் கீரைக்காகவே ஏக்கர் கணக்கில் போட்டு, பொடி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க ஆன்ட்டி" என்றாள். நாத்தனாரின் கணவர், "முருங்கைன்னா முருங்கைதான், இதுல என்ன சாதி?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

இதை வெறும் வீட்டு வம்பு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இந்த வழக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தெருவுக்கு ஒரு ரகம்

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் நானும் நாத்தனாரும் தெருத் தெருவாக நடந்தோம். பார்க்கப் பார்க்கத்தான் தெரிகிறது, முருங்கை என்று பொதுவாகச் சொல்லுகிறோமே தவிர, ஒரு மரம் போல இன்னொரு மரம் இல்லை! ஒரு வீட்டில் இலை சின்னஞ்சிறியதாக, நெருக்கமாக, கரும்பச்சையாக இருக்கிறது. அடுத்த வீட்டில் அகன்ற இலை, வெளிர் பச்சை. இன்னொன்றில் இலைக்காம்பும் இளங்காயும் செவ்வரி ஓடிக் கிடக்கின்றன. ஒரு இலையை வாயில் போட்டால் கடுகு போல் லேசாகக் காரம் தட்டுகிறது, இன்னொன்று கசக்கிறது, மற்றொன்று பச்சையாகவே தின்னலாம் போல் இருக்கிறது.

"இது யார் வீட்டுப் போத்து?" என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஊர்ப் பெயர் வருகிறது. மதுராந்தகம், உத்திரமேரூர், விழுப்புரம், ஒரு வீட்டில் திருநெல்வேலி! வேலைக்காக நாலா திசையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கட்டிய ஊர் அல்லவா? அவரவர் ஊர் முருங்கையும் கூடவே வந்துவிட்டது.

தமிழ்நாட்டு முருங்கைகளுக்குப் பெயர்களும் பல. அடிக்கணக்கில் நீளும் காய்க்குப் பெயர்போனது யாழ்ப்பாண முருங்கை. அதையும் மிஞ்சும் சாவகச்சேரி முருங்கை, யாழ்ப்பாணத்தில் அதே பெயருள்ள ஊரின் நினைவாக நிற்கிறது. வெற்றிலைக் கொடிக்கால்களில் வைக்கும் கொடிக்கால் முருங்கைக்குக் காய் குட்டை. நுனி சிவந்த செம்முருங்கை உண்டு. மூலனூர் முருங்கை, வலையப்பட்டி முருங்கை என்று ஊர்ப் பெயரைத் தாங்கியவையும் உண்டு. தாவர நூல்களில் முருங்கை இனத்துக்கு உலகம் முழுதும் வழங்கும் 'மொரிங்கா' என்ற பெயரே நம் 'முருங்கை'யிலிருந்து போனதுதான். பெயர் கொடுத்தவர்கள் நாம், சகோதரிகளே!

சரி, பக்கத்து வீட்டு அம்மாள் 'ஹைபிரிட்' என்று ஒதுக்கிய பி.கே.எம்.-1 எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989-ல் வெளியான ரகம் அது. பி.கே.எம். என்ற எழுத்துகள் பெரியகுளத்தைக் குறிப்பவை. தூத்துக்குடி மாவட்டத்தில் எப்போதும்வென்றான் என்று அழகான பெயருடைய ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் நாட்டு முருங்கையிலிருந்து தேர்ந்து, தேர்ந்து எடுத்ததுதான் பி.கே.எம்.-1. எனவே அதை ஹைபிரிட் என்பதே தவறு. எங்கோ ஒரு தென்கோடிக் கிராமத்தில், யாரோ ஒரு வீட்டுப் பெண்மணி தண்ணீர் ஊற்றிய மரத்தின் வழிவந்தது அது. 2000-ல் வந்த பி.கே.எம்.-2 தான் எப்போதும்வென்றான் வகையையும் மதுரை அரசரடி வகையையும் கலந்து எடுத்தது.

ஒன்று கவனித்தீர்களா? இந்தத் தேர்வெல்லாம் காய்க்காக நடந்தது. எத்தனை காய், எவ்வளவு நீளம், விதைத்து எத்தனை நாளில் காய்க்கும் என்பதே அங்கே கேள்வி. கீரை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தது யார்? அதற்கு விடை சொல்ல ஒருவர் திருக்கழுக்குன்றத்தில் இருந்தார்.

மறைமலையிலிருந்து வேதகிரிக்கு

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டுக்குக் கொஞ்ச நேரப் பயணம்தான். கொளவாய் ஏரி பளபளவென்று விரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்து, பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தோம். மலை மேல் வேதகிரீஸ்வரர். வேதம் என்றால் மறை, கிரி என்றால் மலை! மறைமலைநகரிலிருந்து கிளம்பி இன்னொரு மறைமலைக்கு வந்திருக்கிறோம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். படியேறிக்கொண்டிருந்தவளுக்கு மூச்சு வாங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள்.

நாத்தனார் மாமியாரின் தங்கை அங்கே இருக்கிறார். எண்பதைத் தாண்டிய ஆயா. போத்து எடுத்த தாய் மரம் இருந்த வீடும் அதுவே. ஆனால் தாய் மரம் இல்லை. ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடாகக் கட்டியபோது மரமும் போய்விட்டதாம்.

"எங்க காலத்துல காய்க்கு ஒரு மரம், கீரைக்கு ஒரு மரம் வச்சிருந்தோம் கண்ணு. கீரை மரத்தைக் காய்க்க விடமாட்டோம். ஒடிச்சு ஒடிச்சு விட்டுக்கிட்டே இருப்போம். புள்ள பெத்தவளுக்குக் கசப்பில்லாத மரத்துக் கீரை. கோடையிலயும் எந்த மரம் பச்சையா நிக்குதோ, அதுல இருந்துதான் அடுத்த வீட்டுக்குப் போத்து குடுப்போம்" என்றார் ஆயா.

பாருங்கள்! கசப்பு, கோடை தாங்குவது, ஒடித்தால் திரும்பத் துளிர்ப்பது என்று கீரைக்கான தேர்வை இவர்கள் நடத்தியே வந்திருக்கிறார்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயாவின் வழிமுறையில் ஒரு பெரிய நுட்பமும் இருக்கிறது. முருங்கைப் பூவில் தேனீயும் வண்டும் ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டு போகும். அதனால் விதை போட்டால் வரும் மரம் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளை அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா என்பது போலத்தான். ஆனால் போத்து நட்டால் வருவது அதே மரம். தாய் மரம் திருக்கழுக்குன்றத்தில் போனாலும், மறைமலைநகரில் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது!

அங்கிருந்து மாமல்லபுரம் போனோம். ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது கடலோரக் குப்பங்களின் கொல்லைகளை. வெறும் மணல். சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் உப்புக்காற்று. அந்த மண்ணிலும் முருங்கை நிற்கிறது. அதற்கு ஆகாத ஒன்று காலடியில் தேங்கும் தண்ணீர்தான். மணலில் தண்ணீர் நிற்காதே! புயல் காற்றில் ஒடிந்தால்கூட அடுத்த மாதம் துளிர்த்துவிடும் என்றாள் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண். "எங்களுக்கு வைத்தியச் செலவைப் பாதியாக்குறது இந்த மரந்தான்" என்றும் சொன்னாள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஊர் சொல்வதைக் கேட்டோம். விஞ்ஞானிகளிடமும் கேட்க வேண்டாமா?

முதலில் நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் புரதம் சுமார் 6.4 கிராம், கால்சியம் 314 மில்லிகிராம், இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம், வைட்டமின் சி 108 மில்லிகிராம். அதே நிறுவனத்தின் பழைய புத்தகத்தில் கால்சியம் 440, வைட்டமின் சி 220 என்று இருந்தது. இரும்போ அதில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே! கீரை ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான், எண்கள் மட்டும் ஏன் இப்படி மாற வேண்டும்?

யாரும் பொய் சொல்லவில்லை. பரிசோதிக்கும் முறைகள் மாறியிருக்கின்றன. அதோடு, பறித்த மரம் வேறு, மண் வேறு, மாதம் வேறு, இலையின் வயது வேறு. இத்தனை வேற்றுமையில் ரகத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எல்லா ரகத்தையும் ஒரே வயலில் நட்டு, ஒரே மாதிரி தண்ணீர் விட்டு, ஒரே நாளில், ஒரே வயது இலையைப் பறித்துச் சோதிக்க வேண்டும். ஒரு பருவத்தோடு விடாமல் மறு பருவத்திலும் செய்ய வேண்டும். அப்போதும் ஒரு ரகம் முன்னால் நின்றால், அது மண்ணின் சத்து அல்ல, ரகத்தின் குணம்.

அப்படித்தான் செய்தார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தில் ஆசியக் காய்கறிகள் 120 வகையைச் சோதித்தபோது முருங்கை முன்னணியில் வந்தது. பிறகு ஆப்பிரிக்கா, அரேபியா, மடகாஸ்கர் பக்கத்து முருங்கை இனங்களோடு நம் முருங்கையையும் வைத்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளிவந்த முடிவுகளின்படி வைட்டமின்களில் நம் முருங்கையே மேல். ஆனால் ஆன்டி ஆக்ஸிடன்ட் எனப்படும் காப்புப் பொருள்களில் அரேபிய முருங்கை முந்திக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் பல நாடுகளிலிருந்து வந்த 13 முருங்கை ரகங்களைச் சோதித்து 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். எல்லாம் நம் முருங்கை இனமே. ஆனாலும் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன் ரகத்துக்கு ரகம் கணிசமாக வேறுபட்டது.

அது என்ன ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று கேட்பீர்கள். நறுக்கி வைத்த ஆப்பிள் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது அல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் மாறாது. நம் உடம்பின் உள்ளேயும் இம்மாதிரி தேய்மானம் ஓயாமல் நடக்கிறது. அதைத் தடுக்கும் எலுமிச்சைச் சாறு போன்ற பொருள்களே இவை. வைட்டமின் சி, ஈ, கரோட்டின் இவற்றோடு குவர்செட்டின் போன்ற இலைச் சாயப் பொருள்களும் முருங்கையில் உண்டு.

ஆக, 'முருங்கைன்னா முருங்கைதான்' என்ற கட்சி தோற்றது. ஆனால் 'நாட்டு மரம்தான் சத்து' என்ற கட்சியும் ஜெயிக்கவில்லை. நாட்டு மரம் என்பது ஒரே ரகம் இல்லையே! ஒவ்வொரு கொல்லையிலும் ஒவ்வொன்று. சோதித்துப் பார்க்காமல் எது உயர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய மரங்கள் ஒவ்வொன்றாக மறைவது கவலை தருகிறது. நாளைக்கு ஒரு விஞ்ஞானி கீரைக்கென்றே ஒரு சிறந்த முருங்கையைத் தேட முனைந்தால், அவர் வரவேண்டியது நம் கொல்லைக்குத்தான். அப்போது அங்கே மரம் இருக்க வேண்டுமே!

நம் கையில் இருப்பது

மரத்தின் பரம்பரை நம் கையில் இல்லை. ஆனால் பறிப்பதும் சமைப்பதும் நம் கையில்தான். தைவான் ஆராய்ச்சியில் ரகத்தோடு இன்னும் சில உண்மைகளும் தெரிய வந்தன. அவை நமக்கு அன்றாடம் உதவக்கூடியவை.

இளந்துளிரைவிட முற்றிய இலையில் சத்து அதிகம். பார்க்க அழகாக இருக்கிறது என்று நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளாமல், அதற்குக் கீழே உள்ள நன்றாக விரிந்த பச்சை இலைகளையும் எடுங்கள். மஞ்சள் தட்டியதைத் தள்ளிவிடுங்கள். கரும்பச்சை இலையில் கரோட்டின் பொதுவாகக் கூடுதல். வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்தில் வைட்டமின் ஏ சத்து கூடியது. குளிர்ந்த, வறண்ட பருவத்தில் வைட்டமின் சி-யும் இரும்பும் கூடின. ஆகவே ஏதோ ஒரு மாதம் மட்டும் என்றில்லாமல் வருஷம் முழுக்கச் சாப்பிடுவதே லாபம்.

இன்னொன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தண்ணீரில் வேகவைத்த முருங்கைக்கீரையில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பு, பச்சை இலையில் உள்ளதைப் போலச் சுமார் மூன்று மடங்கு இருந்ததாம். இது ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டது. பச்சையாக அரைத்துக் குடிப்பதைவிட நம் பாட்டிமார் பருப்போடு வேகவைத்த முறையே மேல் என்று ஆகிறது! வேகும்போது வைட்டமின் சி குறையும் என்பதும் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. கீரையை நிறம் மாறாத பதத்தில் இறக்கி, வெந்த தண்ணீரைக் கொட்டாமல், சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி துணை செய்யும். கரோட்டின் சேர எண்ணெய் வேண்டும். எனவே தாளிதத்தையும் தேங்காய்த் துருவலையும் விட்டுவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு சேருவது குறையும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கீரையை இரவில் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் உதறினால் இலை எல்லாம் தானாக உதிர்ந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் வைத்திருக்க வைத்திருக்க வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். முடிந்த நாளில் பறித்த உடனே ஆய்ந்து சமையுங்கள். அதிகம் கிடைத்தால் கழுவி, நிழலில் உலர்த்திப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். ஒரு கிலோ இலைக்குக் கிட்டத்தட்டக் கால் கிலோ பொடி தேறும்.

மாத்திரையா, கீரையா?

இனி நாத்தனார் மகளின் கணக்குக்கு வருவோம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஒரு வேளைப் பொரியலுக்கு ஒருவர் பங்கு 50 கிராம் பச்சை இலை என்று வைத்துக்கொண்டால், அதில் இரும்பு இரண்டேகால் மில்லிகிராம்தான். தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதிலும் முழுதும் உடம்பில் சேர்ந்துவிடாது. எந்த மரத்துக் கீரையானாலும், ரத்தசோகை வந்துவிட்ட பிறகு மாத்திரைக்கு அது ஈடாகாது. "கீரைதான் சாப்பிடறாளே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். மலச்சிக்கல், குமட்டல் என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள்.

அப்படியானால் கீரை வீணா? ஒருக்காலும் இல்லை. அதே 50 கிராம் கீரையில் 150 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினோ அன்றைய தேவையில் பெரும்பங்கைத் தந்துவிடும். காயைவிடக் கீரையில் கால்சியம் சுமார் பத்து மடங்கு. சாம்பார்க் காய்க்காக மட்டும் மரம் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது! ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்பும் சாதமும் குழைக்கும்போது ஒரு சிட்டிகை வெந்த கீரையை மசித்துச் சேர்த்துப் பழக்கலாம். கசப்பில்லாத மரமாக இருந்தால் துப்பாது. அந்த வகையில், குழந்தை விரும்பித் தின்னும் மரமே குழந்தைக்குச் சிறந்த ரகம்.

ஒரு எச்சரிக்கை. உணவாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு, பொடியையும் மாத்திரையையும் மருந்து போல விழுங்குவது வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பொடியைத் தொடர வேண்டாம். முருங்கை வேர், பட்டை இவற்றைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

ஒரு போத்து நடுங்கள்

நாத்தனார் வீட்டில் மாடிப்படி கட்டப் போகிறார்கள். திருக்கழுக்குன்றத்துப் போத்தில் வந்த மரம் நிற்பது படிக்கட்டு வரவேண்டிய இடத்தில்தான். "மரத்தை எடுக்கும் முன்னால் மூன்று போத்து வெட்டி மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிடு" என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று மகளின் புகுந்த வீட்டுக்கு என்று அவள் உடனே முடிவு செய்துவிட்டாள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு நல்ல மரம் இருக்கும். மூன்று முதல் ஐந்து அடி நீளத்தில், மணிக்கட்டுப் பருமனுக்குக் குறையாத முற்றிய கிளையாகக் கேட்டு வாங்குங்கள். மேல் நுனியில் சாணத்தை அப்பி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். ஆனி, ஆடி ஏற்ற மாதங்கள். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. சுவருக்கு ஒட்டி வேண்டாம். கிளை காற்றில் சுலபமாக முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்பதால் ஜன்னல் பக்கமும் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு மேல் ஒடித்து ஒடித்து விட்டால் கைக்கு எட்டும் உயரத்திலேயே கீரை கிடைக்கும். 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்பார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்!

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய தொட்டியில் செடி முருங்கை விதையைப் போட்டு, மூன்றடியில் நுனியைக் கிள்ளிக் கீரைக்காகவே வளர்க்கலாம். மறைமலைநகர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. பயிர், தோட்டம் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

போத்து நட்ட அன்றைக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். யார் வீட்டு மரம், எந்த ஊர், காம்பு சிவப்பா பச்சையா, கீரை கசக்குமா, கோடையில் இலை நிற்குமா என்று நாலு வரி வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். தங்க நகைக்கு ரசீது வைத்துக்கொள்கிறோம். தலைமுறைக்குச் சோறூட்டும் மரத்துக்கு நாலு வரி எழுதக் கூடாதா?